விரலைத் தள்ளி நிறுத்தும் கருவிகள்

கைக்கடிகாரம் ஒன்றைத் தன் கையாலேயே சேர்த்துக் கட்டிப் பார்க்கவேண்டும் என்ற ஆசை வந்தவர் முதலில் தேடுவது ஒரு கருவிப் பட்டியலை. நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். பட்டியல்களுக்குப் பஞ்சமில்லை. பெட்டி பெட்டியாகக் கருவிகளை அடுக்கி, இவையெல்லாம் இன்றியமையாதவை என்று சொல்பவர்களுக்கும் பஞ்சமில்லை. எதை வாங்கவேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். அது எதைச் செய்கிறது, எதைத் தடுக்கிறது என்று சொன்னவர்கள் குறைவு.

மூன்று கடிகாரங்களைச் சேர்த்துக் கட்டிய பிறகு எங்களுக்கு ஒன்று தெளிவாகியிருக்கிறது. சுத்தியல், கடப்பாரை, இடுக்கி போன்ற கருவிகள் கையின் பலத்தைப் பெருக்குவதற்காக உண்டானவை. கடிகாரக் கருவிகளோ பெரும்பாலும் கையின் பலத்தைக் குறைப்பதற்காகவும், விரல் படவேண்டாத இடத்தில் அது படாமல் பார்த்துக்கொள்வதற்காகவும் உண்டானவை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் எது அவசியம், எது பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது தானாகவே விளங்கிவிடுகிறது. தொடக்கக்காரருக்கான பட்டியல் ஒன்றை அந்த வழியில் எழுதிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாங்கள் என்று இங்கே சொல்வது அக்காவும் தம்பியுமாக இருவரை. இருவருக்கும் இதில் தொழில்முறைப் பயிற்சி இல்லை. அக்காவுக்குப் பூத்தையலில் பழகிய நிதானமான கை. கண்ணுக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது. தம்பிக்குக் கண் நன்றாக இருக்கிறது, கையில்தான் அவசரம். ஆகவே ஒருவர் வேலை செய்ய, மற்றவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த படியை வாசித்துச் சொல்வது என்று ஏற்பாடு.

இந்த வேலையில் இறங்கியதற்குக் காரணம் அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா. சாவி கொடுத்து ஓட்டும் 17 கல் வாட்ச். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு 1961-ல் பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையின் வழிவந்தது. காலையில் குளித்து முடித்ததும் அதற்குச் சாவி கொடுத்து, காதருகே ஒரு கணம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையில் கட்டுவார். அவருக்குப் பின் அது அலமாரிக்குப் போயிற்று. சில ஆண்டுகள் கழித்து எடுத்துச் சாவி கொடுத்தபோது ஐந்தாறு நிமிடம் ஓடி நின்றது. எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூடுவதென 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்துவிட்டது. அப்பா வழக்கமாகக் கொடுக்கும் கடைக்காரரும் வயதாகிக் கடையை விட்டுவிட்டார். அதைத் திறக்கவேண்டும் என்றால் நாங்களே கற்றுக்கொள்ளவேண்டும். கற்றுக்கொள்வதாக இருந்தால் அதில் கற்றுக்கொள்ளக் கூடாது. இந்த இரண்டு முடிவுகளும் சேர்ந்துதான் எங்களை வேறொரு கடிகாரத்திடம் கொண்டுபோய்ச் சேர்த்தன.

தொடக்கக்காரர் தேர்ந்தெடுக்கும் இயந்திரம்தான் அவருக்கு எந்தக் கருவி வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. பழுதுபார்ப்பவர்கள் 'மெஷின்' என்று சொல்லும் அந்த உள்பாகம் சிறியதாக ஆக ஆக, கருவியும் நுண்மையாகி, விலையும் ஏறும். ஆகவே பெரிய இயந்திரமே நல்லது. சுவிட்சர்லாந்தில் சட்டைப்பைக் கடிகாரத்துக்காக உருவான யூனிடாஸ் 6497 என்ற வடிவம் அதற்குப் பேர்போனது. 36.6 மில்லிமீட்டர் குறுக்களவு, 4.5 மில்லிமீட்டர் கனம், 17 கற்கள். தேதி காட்டுவதில்லை, தானாகச் சாவி ஏறுவதில்லை. கடிகாரக் கலை கற்பிக்கும் பள்ளிகளிலும் மாணவர் கையில் முதலில் தருவது இதையோ இதன் இரட்டைப் பிறவியான 6498-ஐயோதான். அதே வடிவத்தைப் பின்பற்றிச் சீனத்தின் தியான்ஜின் நகரத்துச் சீகல் தொழிற்சாலை செய்யும் இயந்திரத்துக்கு எஸ்.டி. 36 என்று பெயர். விலை மிகக் குறைவு. நாங்கள் வாங்கியது அதைத்தான். கெட்டுப்போனாலும் மனம் ஒடியாத ஒரு பொருளில்தான் கை பழகமுடியும்.

சேர்த்துக் கட்டுவதில் இரண்டு நிலைகள் உண்டு. ஓடும் நிலையில் வரும் இயந்திரத்தின்மீது டயலைப் பொருத்தி, முட்களை ஏற்றி, கூட்டுக்குள் வைத்து மூடுவது முதல் நிலை. இயந்திரத்தையே திருகு திருகாகப் பிரித்து, கழுவி, எண்ணெயிட்டு மீண்டும் சேர்ப்பது இரண்டாம் நிலை. பட்டியல்கள் குழப்புவதற்குக் காரணம் இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுவதே. கீழே முதலில் சொல்லப்படுபவை முதல் நிலைக்குப் போதுமானவை.

*

கருவிகளுக்கு முன்னால் இடம். கடிகார வேலைக்கான மேசை சாப்பாட்டு மேசையைவிட உயரமானது. அமர்ந்தவரின் மார்பளவுக்கு அது வரும். முழங்கைகள் இரண்டும் மேசைமேல் ஊன்றியிருந்தால் நடுக்கம் தோளிலிருந்து விரலுக்கு இறங்காது. தனி மேசைக்கு வழியில்லாததால் நாங்கள் நாற்காலியைத் தாழ்த்திக்கொண்டோம். அதாவது முக்காலிக்கு மாறினோம். தேர்ந்தவர்களின் மேசைக்கு அடியில் கீழே விழும் பாகத்தை ஏந்திக்கொள்ள ஒரு இழுப்பறையோ துணியோ இருக்கும். எங்களுக்கு அப்பாவின் பழைய வெள்ளை வேட்டி. அதன் ஒரு விளிம்பை மேசையில் ஊசி குத்தி, மறு விளிம்பை மடியில் விரித்துக்கொள்கிறோம். வெள்ளை நிறம் முக்கியம். கரையில் விழுந்த திருகைத் தேடுவது கடினம்.

நம் ஊர்களில் எந்தப் பட்டியலும் சொல்லாத ஒரு விதி இருக்கிறது: மின்விசிறியை நிறுத்தவேண்டும். விசிறி தூசியைக் கொண்டுவந்து டயலுக்கும் கண்ணாடிக்கும் இடையில் வைக்கும்; மயிரிழைபோன்ற முள்ளைக் கொண்டுபோகவும் செய்யும். விசிறியை நிறுத்தினால் வியர்க்கும். வியர்வையில் உள்ள உப்பு எஃகின்மேல் பட்டால், விரல் ரேகை சில நாட்களில் துருவாகத் தெரியும். விரல் நுனிக்கு மட்டும் போட்டுக்கொள்ளும் ரப்பர் உறைகள் இதற்காகவே விற்கின்றன. மிக மலிவானவை, மிக அவசியமானவை. இருந்தாலும் சித்திரை வைகாசியில் அந்த உறைக்குள்ளும் விரல் ஊறிப்போகிறது. எங்கள் வேலை பெரும்பாலும் மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் நடந்ததற்கு வேறு காரணம் இல்லை.

அடுத்தது கண்ணில் செருகிக்கொள்ளும் உருப்பெருக்கி. இதில் பலரும் அதிகப் பெருக்கமே மேல் என்று நினைத்து 10 மடங்கை வாங்குகிறார்கள். 10 மடங்கு வில்லைக்குப் பொருள் ஏறக்குறைய ஒரு அங்குலத் தூரத்தில் இருக்கவேண்டும். அந்த இடைவெளியில் மூக்கு நுழையலாம், திருப்புளி நுழையாது. 3 அல்லது 3.3 மடங்கு என்றால் மூன்று அங்குல இடைவெளி கிடைக்கும். வேலை செய்வதற்கு அதுவே உகந்தது. 10 மடங்கு என்பது வேலை முடிந்தபின் சரிபார்ப்பதற்கு: கல்லில் விரிசல் உண்டா, பல்லில் தூசி உண்டா என்று பார்ப்பதற்கு. புருவத்தை இறுக்கி வில்லையைப் பிடித்துக்கொள்ளும் வித்தை எல்லோருக்கும் வராது. தலையைச் சுற்றிவரும் ஒரு கம்பி அந்தச் சிரமத்தைத் தீர்த்துவிடும். மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்கு அதன்மேலேயே கவ்விக்கொள்ளும் வகையும் இருக்கிறது. அக்காவினது அந்த வகை.

பிறகு சாமணம். நகைத் தொழிலாளர்கள் வழங்கிவரும் இந்தச் சொல் கடிகாரக் கடைகளில் அருகிப்போய் 'டுவீசர்' என்றாகிவிட்டது. ஆனாலும் பொருள் ஒன்றே. சாமணங்களுக்கு எண் உண்டு. 5 என்ற எண் மிகக் கூரிய நுனியைக் குறிக்கும். ஹேர்ஸ்பிரிங் போன்ற நுண்ணிய பாகங்களுக்கானது. 3 என்பது சற்றே உறுதியானது. அன்றாட வேலைக்கு அது போதும். இவற்றோடு பித்தளைச் சாமணம் ஒன்று இருப்பது நல்லது. பித்தளை எஃகைவிட மென்மையானது என்பதால் மெருகிட்ட முள்ளில் கீறல் விழாது, காந்தமும் ஏறாது. ஈய எழுத்துக் கால அச்சகங்களில் பிழைதிருத்தம் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கட்டி முடித்த பக்கத்திலிருந்து ஒரே ஒரு தவறான எழுத்தைச் சாமணத்தால் பிடுங்கி, அந்த இடத்தில் சரியானதைச் செருகுவார்கள். நுனி வழுக்கினால் பக்கத்திலிருக்கும் எழுத்தின் முகத்தில் காயம் விழும்.

சாமணத்தில் கற்கவேண்டியது ஒன்றே: எவ்வளவு குறைவாக அழுத்தினால் பொருள் விழாமல் நிற்கும் என்பது. அழுத்தம் கூடினால் நுனிகள் ஒன்றையொன்று தாண்டிப் பிறழும். இடையில் இருந்த பாகம் தெறித்துப் போகும். பறந்துபோன பாகம் விழுந்த இடத்தை எந்த உருப்பெருக்கியும் காட்டுவதில்லை. நாங்கள் இரண்டு வாரம் இயந்திரத்தைத் தொடாமல், ஒரு தட்டிலிருந்து மறு தட்டுக்குக் கடுகை மாற்றிக்கொண்டிருந்தோம். கடுகு உருண்டை என்பதால் ஓடும், அழுத்தத்தைக் கற்றுக்கொடுக்கும். பிறகு கசகசா. அது கண்ணையும் மூச்சையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்கும். கசகசாவை உடைக்காமல் வரிசையாக அடுக்கத் தெரிந்த நாளில் திருகைத் தூக்கும் தகுதி வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

*

திருப்புளியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். தொடக்கக்காரர் பணத்தை எங்கே செலவிடவேண்டும் என்று கேட்டால், எங்கள் பதில் இதுதான்.

கடிகாரத் திருப்புளியின் தலையில் தனியாகச் சுழலும் ஒரு தொப்பி இருக்கும். ஆள்காட்டி விரல் அதன்மேல் அமர்ந்து அழுத்த, கட்டைவிரலும் நடுவிரலும் தண்டைச் சுழற்றும். அழுத்தம் ஒரு விரலுக்கும் சுழற்சி மற்ற இரண்டுக்கும் என்று வேலை பிரிக்கப்பட்டிருப்பதால், இரண்டில் எது மிகுந்தாலும் உடனே தெரிந்துவிடும். நுனியின் அகலம் மில்லிமீட்டரில் சொல்லப்படும். 0.6 தொடங்கி 3 வரை வரும் முழு வரிசையில், எஸ்.டி. 36-க்கு 0.8, 1.2, 1.6 ஆகிய மூன்றே பெரும்பகுதி வேலையை முடித்துவிடுகின்றன. சுவிஸ் நாட்டு முழு வரிசை ஒன்றின் விலை நாங்கள் வாங்கிய இயந்திரத்தின் விலையைப்போலப் பல மடங்கு. மூன்று நல்லவை போதும் என்பதை அறிய இது ஒரு காரணம்.

புதிதாக வாங்கிய திருப்புளியும் அப்படியே பயன்படாது. அதன் நுனியை எண்ணெய்க்கல்லில் தீட்டித் திருகின் வெட்டுக்குத் தக்கபடி ஆக்கிக்கொள்ளவேண்டும். நுனி மிக மெல்லியதாக இருந்தால் முறுக்கும்போது முறியும். ஆப்புப்போல விரிந்திருந்தால் வெட்டின் மேல்விளிம்பில் மட்டும் பட்டு, சுழற்றும்போது மேலே ஏறி வழுக்கும். பக்கச் சுவர்களை முழுக்கத் தொட்டு, அடியில் மயிரிழை இடைவெளி விட்டு அமர்ந்தால் அதுவே சரியான நுனி. தீட்டும்போது கை ஆடாமல் இருக்க, உருளைமேல் ஓடும் சிறு தாங்கி ஒன்று விற்கிறது. அதை வாங்காமலும் செய்யலாம். வாங்கினால் பொறுமை மிச்சம்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு கடிகாரத்தைத் திறந்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதைத் திருகுகள் சொல்லிவிடுகின்றன. வழுக்கிய திருப்புளி வெட்டின் ஓரத்தைச் சிதைத்து, பக்கத்துத் தகட்டில் ஒரு வளைந்த கோட்டையும் விட்டுச்செல்லும். அந்தக் கோடு பிறகு போவதில்லை. கடிகாரம் நேரம் சரியாகக் காட்டலாம். ஆனாலும் அடுத்துத் திறப்பவர் அதைப் பார்ப்பார்.

திருகைப் பற்றி இன்னும் ஒன்று. எல்லாத் திருகும் ஒரே பக்கம் சுழலும் என்று எண்ணிவிடக் கூடாது. சாவியின் சுழற்சியை உள்ளே கொண்டுசெல்லும் கிரவுன் சக்கரத்தின் திருகு பல இயந்திரங்களில் இடப்புரி. வழக்கமான திசையில் கழற்ற முயன்றால் அது இன்னும் இறுகும். பலத்தைக் கூட்டினால் தலை ஒடியும். சில இயந்திரங்களில் எச்சரிக்கையாக அதன் தலையில் மூன்று கோடுகள் இருக்கும். இறுகுகிறது என்றால் நிறுத்திவிட்டு யோசிக்கவேண்டும் என்பதுதான் விதி.

*

இனி முதல் நிலைக்கான மற்றவற்றை விரைவாகச் சொல்லலாம். இயந்திரத்தைப் பிடித்துவைக்க ஒரு தாங்கி வேண்டும். இரு தாடைகளும் ஒரு நெருக்கு திருகும் கொண்ட எளிய பொருள். இது இல்லையென்றால் இடக்கை விரல்கள் இயந்திரத்தைப் பற்றியிருக்கும். வலக்கை வழுக்கினால் விரல் நேரே பேலன்ஸ் சக்கரத்தின்மேல் போய் நிற்கும். அதன் அச்சு முனையின் பருமன் 0.1 மில்லிமீட்டர் அளவு. ஏறக்குறைய ஒரு தலைமுடி. தாங்கி அதிலிருந்து காக்கிறது.

தூசிக்கு இரண்டு. ஒன்று, கையால் அமுக்கிக் காற்றடிக்கும் ரப்பர் உருண்டை. வாயால் ஊதவே கூடாது. மூச்சோடு ஈரமும் போகும். மற்றொன்று, ரோடிகோ என்ற பசை உருண்டை. பிசைந்த மாவைப்போல இருக்கும். தொட்ட இடத்தில் உள்ள தூசியையும் எண்ணெயையும் விரல் ரேகையையும் எடுத்துக்கொண்டு வந்துவிடும். இரண்டையும் பயன்படுத்திய பிறகும், கண்ணாடியை மூடிப் பார்க்கும்போது டயலில் ஒரு நூலிழை கிடக்கும். மறுபடி திறக்கவேண்டும். ஐந்தாறு முறை திறந்து மூடுவது இயல்பு.

முட்களை ஏற்ற ஒரு அழுத்தி. அதன் நுனி நைலான் போன்ற மென்மையான பொருளால் ஆனது. நடுவில் துளை இருக்கும். முதலில் சின்ன முள், 12-ஐ நோக்கி. அடுத்துப் பெரிய முள், அதுவும் 12-ஐ நோக்கி. கடைசியில் விநாடி முள். எஸ்.டி. 36-ன் 6497 வடிவத்தில் விநாடி முள்ளுக்கு 9-ன் பக்கம் ஒரு தனிச் சிறுவட்டம் உண்டு. மூன்றும் ஒன்றையொன்று தொடாமல், டயலுக்கு இணையாக நிற்கவேண்டும். சாவியை வெளியே இழுத்து 12 மணி நேரமும் மெல்லச் சுற்றிப் பக்கவாட்டில் இருந்து பார்த்தால், எங்கே உரசுகிறது என்பது தெரியும். ஏற்றிய முள்ளை மீண்டும் கழற்ற இரண்டு சிறு நெம்புகோல்கள். டயலில் கீறல் விழாமலிருக்க அவற்றின் அடியில் ஒரு பிளாஸ்டிக் தாள்.

சாவித்தண்டை வெட்ட ஒரு வெட்டுக்குறடும் ஒரு நுண்ணரமும் வேண்டும். இயந்திரத்தோடு வரும் தண்டு எந்தக் கூட்டுக்கும் பொருந்தும்படி நீளமாக இருக்கும். கூட்டின் அளவுக்கு அதை வெட்டிக்கொள்வது நம் வேலை. சற்று நீளமாகவே வெட்டி, பொருத்திப் பார்த்து, அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கவேண்டும். குறைத்தது வளராது. தண்டை வெளியே எடுக்கத் தளர்த்தும் திருகை ஒன்றிரண்டு சுற்றுக்குமேல் தளர்த்தக் கூடாது. முழுக்கக் கழன்றால் டயலுக்கு அடியில் உள்ள சிறு நெம்பு விழுந்துவிடும். அதைத் திரும்பப் பொருத்த முட்களையும் டயலையும் எடுத்தாகவேண்டும்.

பின்மூடியைத் திறக்க, அமுக்கி மூடிய வகைக்கு மழுங்கிய கத்தி ஒன்று. திருகி மூடிய வகைக்கு மூன்று முனையுள்ள திறப்பான். இரண்டிலும் முனை வழுக்குவதே அபாயம். மூடியின்மேல் ஒரு ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டுச் செய்தால் உலோகம் தப்பும்.

இவ்வளவுதான். இவற்றைக் கொண்டு கூட்டிய எங்கள் முதல் கடிகாரம் ஒரு தை மாதக் காலையில் ஓடத் தொடங்கியது. மணிக்கு 21,600 துடிப்பு, விநாடிக்கு 6. ஒரு நாளைக்கு 5,18,400. ஒரு நாளில் பத்து விநாடி பிசகினால்கூட அது 8,640-ல் ஒரு பங்குப் பிசகுதான். அதில் நாங்கள் செய்தது முட்களை நேராக வைத்தது மட்டுமே. ஓட்டம் முழுவதும் தியான்ஜினில் யாரோ செய்தது. சேர்ப்பது வேறு, செய்வது வேறு. ஆங்கிலேயரான ஜார்ஜ் டேனியல்ஸ் கூடு, டயல், முள், சக்கரம் என்று அனைத்தையும் தன் பட்டறையிலேயே செய்து கடிகாரம் படைத்தார். அவர் 1970-களில் கண்டுபிடித்த கோ-ஆக்ஸியல் அமைப்பை ஒமேகா 1999-ல் தன் கடிகாரங்களில் எடுத்துக்கொண்டது. அவர் எழுதிய 'வாட்ச்மேக்கிங்' நூல் 1981-ல் வந்தது. அதைப் புரட்டினால் நம் மேசைமேல் இருப்பதற்கும் ஒரு பட்டறைக்கும் உள்ள தூரம் தெரியவரும். தெரிந்துகொள்வது நல்லது.

*

இரண்டாம் நிலைக்குப் போகும்போது சேரும் கருவிகளில் மூன்று முக்கியமானவை.

முதலாவது, காந்த நீக்கி. திருப்புளியில் காந்தம் ஏறினால் திருகு அதில் ஒட்டிக்கொண்டு வரும். ஹேர்ஸ்பிரிங்கில் ஏறினால் அதன் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கடிகாரம் கண்டபடி முந்தும். ஒரு சாதாரணத் திசைகாட்டியைக் கடிகாரத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முள் துடிப்பதிலிருந்து சந்தேகம் தீரும்.

இரண்டாவது, ஓட்டத்தைக் கேட்டுக் கணக்கிடும் டைம்கிராஃபர். அதன் ஒலிவாங்கி டிக்டிக் ஓசையை வாங்கி, நாளொன்றுக்கு எத்தனை விநாடி பிந்தும் அல்லது முந்தும், பேலன்ஸ் சக்கரம் எத்தனை பாகை வீசி ஆடுகிறது, இரு பக்கத் துடிப்பும் சமமா என்று மூன்றையும் காட்டும். முழுக்கச் சாவி கொடுத்த நல்ல இயந்திரம், டயல் மேலே பார்க்கக் கிடக்கும்போது 270 முதல் 300 பாகைவரை ஆடும். தொடக்கத்தில் கைபேசிச் செயலி ஒன்றும் ஓரளவு உதவும்.

மூன்றாவது, எண்ணெயும் எண்ணெய்க் கம்பியும். இதுதான் எல்லாவற்றிலும் கடினம். வேகமாகச் சுழலும் மெல்லிய அச்சுகளுக்கு நீர்த்த எண்ணெய். மெதுவாக, பாரத்தோடு சுழலும் அச்சுகளுக்குக் கெட்டியான எண்ணெய். மோபியஸ் 9010 முதல் வகைக்குப் பெயர்பெற்றது. ஒரு கம்பியின் நுனியில் ஏறும் துளி, கல்லின் கிண்ணத்தில் பாதியை நிரப்பினால் போதும். மிகுந்தால் பரவி ஓடிவிடும். அச்சு வறண்டே நிற்கும். பேலட்டின் அச்சுகளுக்கு எண்ணெயே இடுவதில்லை. எங்கே இடக் கூடாது என்பதையும் எண்ணெய் இடுபவர் அறிந்திருக்கவேண்டும்.

பிரிப்பதற்கு முன் மெயின்ஸ்பிரிங்கின் முறுக்கை முழுக்க இறக்கிவிடவேண்டும். சாவியைக் கையில் பிடித்தபடி, தடையை விலக்கி, மெல்ல மெல்ல விடவேண்டும். முறுக்கு இறங்காத இயந்திரத்தின் தகட்டைக் கழற்றினால் சக்கரப் பற்கள் தப்புவதில்லை.

இரண்டாவது, மூன்றாவது எஸ்.டி. 36-களைப் பிரித்துச் சேர்த்த பிறகு, அப்பாவின் ஜனதாவின் பின்மூடியைத் திறந்தோம். மூடியின் உள்பக்கத்தில் ஊசியால் கீறிய குறிகள் இருந்தன. பழுதுபார்ப்பவர்கள் தாங்கள் திறந்த நாளை இப்படிக் கீறிவைப்பது வழக்கம் என்று படித்திருக்கிறோம். நான்கு குறிகள். இரண்டில் மாதமும் வருடமும்: 3/78, 9/84. ஒன்று படிக்க முடியாத எண். கடைசியாக ஒரு தமிழ் எழுத்து: 'மு'. அந்தக் கடைக்காரரின் பெயரின் முதலெழுத்து அது. எங்களுக்குப் பெயர் நினைவிருந்தது. அவருடைய கையெழுத்தை அன்றுதான் பார்த்தோம். உள்ளே எந்தத் திருகின் தலையும் சிதையவில்லை. நால்வரும் நுனியைத் தீட்டித்தான் வேலை செய்திருக்கிறார்கள்.

டைம்கிராஃபரில் வைத்து, கொஞ்சம் சாவி கொடுத்துப் பார்த்தோம். மணிக்கு 18,000 துடிப்பு என்று அது சரியாகவே கண்டுகொண்டது. ஆனால் வீச்சு 150 பாகையைத் தாண்டவில்லை. எதுவும் உடையவில்லை, எண்ணெய் காய்ந்திருக்கிறது. அவ்வளவுதான் நோய். அக்காவுக்கு அந்த ஓசையை இன்னும் கொஞ்சம் கேட்கவேண்டும் என்றிருந்தது. தினமும் குளித்துவிட்டு ஒரு தரம், அப்பா செய்ததுபோல, சாவி கொடுத்துக் காதில் வைத்தால் என்ன என்று கேட்டார். எண்ணெய் வற்றிய அச்சு ஓடும் ஒவ்வொரு நிமிடமும் தேய்கிறது. கேட்கும் ஆசை கடிகாரத்தின் செலவில்தான் நிறைவேறும். இருவரும் சிறிது நேரம் பேசாமல் இருந்தோம். பிறகு அக்காவே முறுக்கை இறக்கி, பின்மூடியை அமுக்கி மூடினார்.

துளி எண்ணெயைச் சரியான அளவில் வைக்க எங்கள் கைகள் இன்னும் பழகவில்லை. மூன்றாவது எஸ்.டி. 36-ஐ மறுபடி பிரித்து அதில்தான் பழகிக்கொண்டிருக்கிறோம். பத்துக் கல்லில் எட்டில் சரியாக விழுகிறது. பத்திலும் விழும்வரை மூடி மூடியே இருக்கும். ஐந்தாவது குறியாக எதைக் கீறுவது என்பதில் எங்களுக்குள் ஒரு வழக்கும் நடக்கிறது. அது தீர அவகாசம் இருக்கிறது.

தொடங்க நினைப்பவர்களுக்கு வாங்கும் வரிசையைச் சொல்லி முடிக்கிறோம். பெட்டியாக விற்பதை வாங்கவேண்டாம். முதலில் மூன்று நல்ல திருப்புளிகளும் ஒரு எண்ணெய்க்கல்லும். பிறகு 3-ஆம் எண் சாமணமும் ஒரு பித்தளைச் சாமணமும். 3.3 மடங்கு உருப்பெருக்கி. தாங்கி, ரப்பர் உருண்டை, ரோடிகோ, விரல் உறை. முள் அழுத்தியும் நெம்புகோல்களும் டயலும் கூடும் வீட்டுக்கு வந்தபின் வாங்கினால் போதும். பின்மூடித் திறப்பானும் அப்படியே, கூடு எந்த வகை என்று பார்த்துவிட்டு. எண்ணெயை வாங்க அவசரப்படவேண்டாம். திறந்த புட்டி நெடுநாள் நிற்பதில்லை. கையில் மிஞ்சும் பணத்துக்கு இரண்டாவதாக ஓர் இயந்திரம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, பிரிப்பதற்கென்றே. கடுகும் கசகசாவும் எல்லார் வீட்டு அஞ்சறைப்பெட்டியிலும் பக்கத்திலும் இருக்கும்.